ஒரு ப்ரூயிட்

நோரீன் ப்ரூயிட் கணவன் டுவைனின் சீருடைக் கால்சட்டையை மூன்றாவது தடவையாக இடுப்பில் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. மறு பாதியில் முட்டைக்கோஸ் சூப் இரண்டு கிண்ணங்களில் ஆறிக்கொண்டிருந்தது. பதினோரு வாரமாக அந்த வீட்டில் சாயங்காலச் சாப்பாடு அந்தச் சூப்தான். அவளுக்கு யாரும் பத்தியம் சொல்லவில்லை. ஆனாலும் அவளும் அதையேதான் குடித்தாள்.

"நேரா நில்லு. வயித்த எக்காதே," என்றாள், உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு.

"எக்கலை. இப்ப இவ்வளவுதான் இருக்கேன்."

"பின்னாடி என்ன இது, மேடு தட்டுது?"

"நீ ரெண்டு தடவை மடிச்சு வெச்சுத் தைச்சதுதான். லாரில உக்கார்ந்தா யாரோ ரெண்டு விரல வெச்சுக் குத்தற மாதிரி இருக்கு."

"அப்ப அதை வெட்டிட்டுத் தைச்சுடறேன். தட்டையா உக்காரும்."

"வெட்டாதே." டுவைன் கொஞ்சம் அவசரமாகவே சொன்னான். "மடிச்சே தை. எல்லாம் முடிஞ்சப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்."

நோரீன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவித் துணியில் குத்தினாள். 

"கழட்டிக் குடு. சூப் ஆறுது பாரு," என்றாள்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு டுவைன் எடை மெஷினில் ஏற வேண்டும். அவனுடைய உயரத்துக்கு விமானப்படை அனுமதித்த எடை இருநூற்றுப் பதினெட்டு பவுண்டு. ஜூலையில் அவன் இருநூற்று அறுபது இருந்தான்; நம் கணக்கில் சொன்னால் நூற்றுப் பதினெட்டு கிலோ. எத்தனையோ வருஷமாக எடைச் சீட்டில் யாரோ ஒரு நல்லவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் புதுக் கமாண்டர் வந்தார். அதோடு அந்தக் கண் திறந்துகொண்டது. இரண்டு தடவை தவறிவிட்டான். மூன்றாவது தடவையும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த மே மாதம் அவனுக்கு இருபது வருஷச் சேவை முடிகிறது. ஏழு மாதம் முன்னால் அனுப்பினால் ஓய்வூதியம் கிடையாது. பத்தொன்பது வருஷம் ஐந்து மாதம் என்பதற்கு அங்கே மதிப்பு ஒன்றுமில்லை.

டுவைன் பிறந்தது இப்போது அவன் வேலை செய்யும் விமானப்படைத் தளத்திலிருந்து பத்து மைல் தள்ளி, கலிஃபோர்னியாவின் ஆலிவ்ஹர்ஸ்டில். பீச் பழம் பறிக்க ஓக்லஹோமாவிலிருந்து வந்த குடும்பம். பிறக்கும்போதே பெரிய குழந்தை. ஐந்தாம் வகுப்பில் ஆசிரியரின் நாற்காலிதான் அவனுக்குப் பொருந்தியது. பழத்தோட்டத்தில் அவனை ஏணியில் ஏற விடமாட்டார்கள், படி உடையும் என்று. சர்ச்சில் அவன் உட்காரும் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர்கள் சற்று மேலே எழும்பியதாக ஒரு கதை உண்டு. அதைப் பாதிரியாரே சொல்லிச் சிரிப்பார். டுவைனும் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் கதை இன்னும் நீளும் என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டிருந்தான்.

படையில் சேர்ந்து, விமானங்களின் தகரத்தையும் ஆணியையும் பழுதுபார்த்து நாலு வருஷம் ஓட்டிய பிறகு, அரிசோனாவில் ஒரு கறுப்பு விமானத்தின் பக்கமாக நடந்துபோனான். அப்போது ஒரு கட்டையான புவர்ட்டோ ரிக்கோக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எத்தனை பவுண்டு?" என்று கேட்டான். டுவைன் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானான். ஆனால் கேட்டவன் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து எங்கூட வா," என்றான். அவன்தான் எமிலியோ ஓக்வெண்டோ. இன்றைக்கு அந்தக் குழுவின் தலைவன்.

எழுபதாயிரம் அடி உயரத்தில் பறந்து படம் எடுப்பதற்கென்றே செய்த விமானம் அது. மேலே போய்விட்டால் பரமசாது. தரையில்தான் அதற்குக் கால் சரியில்லை. எடை குறைய வேண்டும் என்று சக்கரங்களை சைக்கிள் மாதிரி முன்னால் ஒன்று, வாலில் ஒன்று என்று வைத்துவிட்டார்கள். நூறு அடிக்கு மேல் நீளும் இறக்கை பக்கவாட்டில் சாயாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணைச் சக்கரத்தைச் செருகி நிறுத்துவார்கள். போகோ என்று பெயர். புறப்படுவதற்கு முன் போகோவின் ஆணியை உருவி, அதன் சிவப்பு நாடா தெரியும்படி விமானிக்கு உயர்த்திக் காட்ட வேண்டும். ஓடுபாதையில் வேகமெடுத்து இறக்கை மேலே வளைந்ததும் போகோக்கள் தாமாகக் கழன்று விழும். பின்னாலேயே லாரியில் போய், கோழி முட்டை பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.

போனது திரும்பி வரும்போது போகோ இல்லை. ஒற்றை வரிசைச் சக்கரத்தில் இறங்கி, வேகம் இருக்கிறவரை நிமிர்ந்து ஓடி, வேகம் தீர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கை நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும். மிச்சமிருக்கும் எரிபொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். அதை நிமிர்த்திப் போகோவைத் திரும்பச் செருக வேண்டுமானால், மேலே தூக்கி நிற்கிற மறுபக்க இறக்கையின் நுனியை யாராவது பிடித்துத் தொங்க வேண்டும்.

பதினைந்து வருஷமாகத் தொங்கியது டுவைன். லாரியின் பின்தட்டில் ஏறி நின்று, இறக்கையின் விளிம்பைப் பிடித்து, காலை விட்டுவிடுவான். இறக்கை முனகிக்கொண்டே கீழே வரும். அவன் பூட்ஸ் தரையைத் தொடும்போது அந்தக் கோடியில் சாய்ந்தது எழுந்திருக்கும்.

அந்தக் குழுவுக்கு எடையைச் சொல்ல ஒரு தனி அளவே உண்டு. இறக்கை எப்படிச் சாய்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்து ஓக்வெண்டோ கத்துவான்: மெதுவாகச் சாய்ந்தால் "அரை ப்ரூயிட்", சட்டென்று சாய்ந்தால் "ஒரு ப்ரூயிட்". கணக்குப் புத்தகத்தில் இல்லாத அந்த அளவு வேலையில் பிசகியதில்லை. புதிதாக வந்தவர்கள் ப்ரூயிட் என்பது ஏதோ கருவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு சாமான் கிடங்கில் போய்க் கேட்டதும் நடந்திருக்கிறது. உலகத்தில் எல்லா இடத்திலும் குற்றமாக இருந்த ஒன்று, அந்த ஓடுபாதையில் மட்டும் கருவியாக இருந்தது. டுவைன் இதை யாரிடமும் சொன்னதில்லை. நோரீனிடமும்.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு அவன் தண்ணீரையும் நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை நோரீன் கால்சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தாள். போட்டுக்கொண்டு தளத்துக்குப் போய்க் குழுவின் லாரியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் டுவைனுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. பின்னால் எதுவும் குத்தவில்லை. கையை விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தான். அதற்குள் ட்ரூடி வான்ஸ் பக்கத்தில் ஏறிவிட்டாள். ட்ரூடி அந்தக் குழுவிலேயே சின்ன உருவம். நூற்றுப் பத்து பவுண்டுகூட இருக்க மாட்டாள். கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பர்ரிட்டோ ரொட்டிச் சுருள். வறுத்த பன்றி இறைச்சியும் முட்டையும் மணத்தன.

"அண்ணே, ஒரு வாய்?"

"அந்தப் பக்கம் திரும்பித் தின்னு."

"திரும்பினாலும் வாசனை வருமே. வாசனைக்கு எத்தனை பவுண்டு ஏறும்?"

"ட்ரூடி, அவன வம்பிழுக்காதே," என்றான் ஓக்வெண்டோ, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "டேய் ப்ரூயிட், உன் மூஞ்சி ஏன் இப்படி ஒட்டிக் கிடக்குது? எங்க மாமியார் செத்தப்பகூட இதவிடத் தெளிச்சியா இருந்தாங்க."

"மத்தியானம் வரைக்கும் பேசாம இரு எமிலியோ. நாக்கு மேல ஒட்டுது."

வடகாற்று காலையிலேயே கிளம்பியிருந்தது. வயல்களில் நெல் வைக்கோல் எரித்த புகை ஓடுபாதைக்குக் குறுக்கே சாய்ந்துகொண்டு போயிற்று. விடிந்ததும் புறப்பட்ட விமானம் பதினொன்றேகாலுக்கு இறங்க வேண்டும். இறங்குவதற்குக் கால் மணி முன்னால் லாரி ரேடியோவில் விமானி மேஜர் லிண்ட்ஹோமின் குரல் கேட்டது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு எரிபொருளை மாற்றுகிற பம்ப் வேலை செய்யவில்லை. இடது பக்கம் கனமாக இருக்கிறது.

"எவ்வளவு கனம்?" என்று கேட்டாள் ட்ரூடி.

"இறங்கினாத் தெரியும்," என்றான் ஓக்வெண்டோ.

கறுப்பாக, சத்தமில்லாமல், தரையைத் தொட மனசே இல்லாத மாதிரி அது தெற்குக் கோடியிலிருந்து வந்தது. பின்னாலேயே இன்னொரு விமானி ஒரு காரில் துரத்திக்கொண்டு ஓடினார். மேலே இருப்பவருக்கு விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி போட்டிருக்கும் பெரிய உடுப்புக்குள்ளிருந்து தரை சரியாகத் தெரியாது. காரில் இருப்பவர்தான் சக்கரத்துக்கும் தரைக்கும் எத்தனை அடி என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ரேடியோவில் அது மட்டும்தான் கேட்டது.

"பத்து. எட்டு. அஞ்சு. மூணு. ரெண்டு... ரெண்டு... ரெண்டு..."

"ரெண்டுலயே குடித்தனம் வெச்சுட்டாரே," என்றாள் ட்ரூடி.

"காத்து தூக்குது. பொறு."

"ரெண்டு... ஒண்ணு."

தொட்டது. ஓடியது. வேகம் குறையக் குறைய வலது இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. பிறகு இடது இறக்கை பொத்தென்று விழுந்து, நுனியில் பொருத்தியிருந்த உலோகத் தகடு தரையில் உரசித் தீப்பொறி பறந்தது.

"ஒண்ணரை ப்ரூயிட்!" என்று கத்தினான் ஓக்வெண்டோ. அப்படி அவன் கத்தி யாரும் கேட்டதில்லை.

லாரி வலப் பக்கம் போய் நின்றது. போகோவோடு இரண்டு பேர் இடது பக்கம் ஓடினார்கள். டுவைன் பின்தட்டில் ஏறினான். இறக்கை நுனி வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது, காற்று அடியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டும் இருந்தது. எம்பிப் பிடித்தான். காலை விட்டான்.

இறக்கை ஒரு சாண் இறங்கியது. அங்கேயே நின்றது.

டுவைன் தொங்கினான். பூட்ஸுக்கும் தரைக்கும் இடையே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. காற்று வீசும்போது இறக்கை அவனையும் சேர்த்து மேலே எடுத்துக்கொண்டு போனது. காற்று நின்றால் திரும்ப இறக்கிவிட்டது. காது அடைத்தது. கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் நீந்தின. கறுப்பு இறக்கையின் விளிம்பில் தன் விரல் மூட்டுகள் வெளுத்திருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, இறக்கைக்கு அவன் அங்கே இருப்பதே தெரியவில்லை.

"இன்னும்! இன்னும் கொஞ்சம் வேணும்!" என்று இடப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

"இன்னும்னா எங்க போவான்? அவன் அவ்வளவுதான் இருக்கான்!" என்றான் ஓக்வெண்டோ.

ட்ரூடி பின்தட்டில் ஏறி ஓடிவந்தாள். இறக்கை அவளுக்கு எட்டாது. "அண்ணே, மன்னிச்சுக்க," என்று சொல்லிவிட்டு எகிறி, டுவைனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் அவன் கால்சட்டையின் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்துத் தொங்கினாள்.

"சிரிக்காதே ட்ரூடி, ஆடுது."

"நான் சிரிக்கல. நடுங்கறேன். கீழ போகுதா?"

போயிற்று. முதலில் முனகல், பிறகு மெதுவாக. ட்ரூடியின் கால் தரையைத் தொட்டது. பிறகு அவனுடையதும். இடது பக்கம் போகோவைச் செருகி, "ஆச்சு!" என்று கை காட்டினார்கள். டுவைன் விளிம்பை விட்டுவிட்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"உங்க வீட்ல நல்லாத் தைச்சிருக்காங்க அண்ணே," என்றாள் ட்ரூடி, கையை உதறிக்கொண்டே. "நான் பிடிச்ச பிடிக்கு வேற பேண்டா இருந்தா கிழிஞ்சு கையோட வந்திருக்கும். உங்க மானம் கலிஃபோர்னியா பூரா பறந்திருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஓக்வெண்டோ மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் விமானத்தோடு நகர்ந்த பிறகு வந்து பக்கத்தில் குந்தினான்.

"ஒரு மணிக்கு அந்த மெஷின்ல தேறிடுவியா?"

"தெரியல."

"தேறிடு. ஏழு மாசம் எப்படியாச்சும் ஓட்டு. மே மாசம் பென்ஷன் பேப்பர வாங்கிக்க. அப்புறம் சிவிலியனா இதே வேலைக்கு வந்துடு. நான் சொல்லி வெக்கறேன். அங்க எடை மெஷினும் கிடையாது, இஞ்ச் டேப்பும் கிடையாது." எழுந்தான். "நல்லாத் தின்னுட்டு வா. இன்னிக்கு ரெண்டு ஆள் தொங்கினீங்க. நாளைக்கு காத்து கூட அடிச்சா மூணு ஆளுக்கு நான் எங்க போக?"

எடை போடும் அறையில் சார்ஜெண்ட் பீட்டி மேசையைவிட்டு எழுந்திருக்காமலே, "பூட்ஸ், சட்டை, பேண்ட். உள்ளாடை இருக்கலாம்," என்றார். திரைக்குப் பின்னால் டுவைன் கால்சட்டையைக் கழற்றி, இடுப்பை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். மடிப்பு இல்லை. நாலு விரல் அகலத்துக்கு இருந்த துணி போயிருந்தது. வெட்டிய விளிம்பு நூல் பிரியாமல் நெருக்கமாகச் சுற்றித் தைத்து, மேலே இரட்டைத் தையல் போட்டிருந்தது. பிரித்து விடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மெஷினில் ஏறினான். பீட்டி கம்பியின் மேல் எடைக் குண்டைத் தள்ளினார், கொஞ்சம் பின்னால் இழுத்தார், திரும்பத் தள்ளினார். கம்பி ஆடி நின்றது.

"இருநூத்திப் பதினேழே முக்கால்."

டுவைன் மூச்சு விடவில்லை.

"மூச்சு விடலாம். அதுக்கு எடை கிடையாது," என்றார் பீட்டி. சீட்டில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், மை உலர ஊதினார். பிறகுதான் மூலையிலிருந்த தண்ணீர்க் கேனின் குழாயைத் திறந்து காகிதக் கோப்பையை நிரப்பி நீட்டினார். "எழுதியாச்சு. இப்பக் குடிங்க. எப்பக் குடிச்சீங்க கடைசியா?"

"நேத்து மத்தியானம்."

"இதக் கேக்கற மாதிரி ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்ல," என்றார் பீட்டி. "அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வாங்க."

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. தையல் மெஷின் மேசையிலிருந்து போய்விட்டிருந்தது. மேசை முழுசாகத் தெரிந்தது. மாவில் பொரித்த மாட்டிறைச்சி, அதன் மேல் வெள்ளைக் குழம்பு, பிஸ்கட் என்று அங்கே சொல்கிற மெத்தென்ற சூடான ரொட்டி, வேகவைத்த பீன்ஸ். பதினோரு வாரமாகத் தூக்கத்தில் அவன் கேட்ட சாப்பாடு. காலையில் அவன் தேறுவானா என்று தெரிவதற்கு முன்பே அவள் இறைச்சி வாங்கியிருக்க வேண்டும்.

"கால் பவுண்டுல தப்பிச்சேன்," என்றான்.

"தெரியும். ட்ரூடி போன் பண்ணினா. கை கழுவிட்டு வா."

சாப்பிட்டான். முதல் இரண்டு வாய் ருசியே தெரியவில்லை. மூன்றாவதில் தெரிந்தது. இறக்கையைப் பற்றிச் சொன்னான். ட்ரூடி தொங்கியதைச் சொன்னபோது நோரீன் சிரித்தாள். ஓக்வெண்டோ சொன்னதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"அங்க எடை மெஷின் கிடையாதாம்," என்றான் மறுபடியும்.

"கேட்டுச்சு."

டுவைன் இன்னொரு துண்டு இறைச்சியை முள்கரண்டியில் குத்தினான்.

"வெட்டிட்டே," என்றான்.

"ஆமா."

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்."

"சொன்னே." நோரீன் பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டாள். தின்னவில்லை. "எங்கப்பா பழ ஃபேக்டரில மூட்டை இறக்கற மேடைல நெஞ்சடைச்சு விழுந்து செத்தப்ப அவருக்கு அம்பத்தோரு வயசு. அவரோட பேண்ட் பதினாலு இருந்துச்சு. சர்ச்சுல தானமாக்கூட எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. யாருக்கும் இடுப்புல நிக்காதுன்னு. எங்கம்மா ஒரு வருஷம் அதையெல்லாம் அலமாரில வெச்சிருந்தா. அப்புறம் கிழிச்சுத் தரை துடைச்சோம். நல்ல துணி. ரொம்ப நாள் வந்துச்சு."

டுவைன் அவளைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அலமாரியைப் பற்றி அவள் சொன்னதில்லை.

"அது வேற, நோரீன். அவரு சும்மா பெருத்திருந்தாரு. எனக்கு அங்க வேலை இருக்கு. என்னை வெச்சுத்தான் அவங்க அளக்கறாங்க."

"தெரியும். நீ அந்தக் குழுவுல சேர்ந்த புதுசுல உங்கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் என்கிட்டயே வந்து, 'நீங்கதான் ஒரு ப்ரூயிட்டோட சம்சாரமா'ன்னு கேட்டான்." பிட்ட பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "உன்னை நான் குறை சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். மே மாசம் எமிலியோ வந்து கூப்பிட்டா என்ன சொல்லப் போறே?"

வெளியே யாரோ வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இன்னும் அடங்கவில்லை. தட்டில் பாதி இறைச்சியும், அதன் மேல் ஆடை கட்டத் தொடங்கிய குழம்பும் மிச்சமிருந்தன. டுவைன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்தபோது கால்சட்டை இடுப்பில் இம்மியும் நழுவாமல், சரியான அளவில் நின்றது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், மிச்சத்தை நாளைக்கு என்று மூடி வைத்தான்.